வீடும் உரிமையும்: ஹூஸ்ரன் நகரத்து வரிசை வீடுகள் – ஒரு திறனாய்வு

கலை கலைக்காகவே என்பாரும் கலை வாழ்க்கைக்காகவே என்பாரும் இரு கட்சியினராய்ப் பிரிந்து வாதிடுதல் நெடுங்காலமாக நடைபெற்று வருவதொன்று. நம் கல்லூரி விவாத மேடைகளிலும் இப்பொருள் பலமுறை ஏறி இறங்கியிருக்கின்றது. வாதத்தில் வெற்றி எய்தியோர் பலர். ஆயின் அவ்வினாவிற்குச் சொல்லாலன்றிச் செயலால் விடை காண முயன்றோர் மிகச் சிலர். அத்தகைய முயற்சியொன்று ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்ரன் மாநகரின் மூன்றாம் வட்டாரம் எனப் பெயர் பெற்ற பகுதியில், 1993 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர் எழுவர் ஒன்று கூடி, பாழடைந்து கிடந்த 22 சிறு வீடுகளைச் செப்பனிட்டு, அவற்றுட் சிலவற்றில் கலைஞரை அமர்த்தி, இனம், அடையாளம், ஒரு மண்ணுக்கு உரியராய் இருத்தல் ஆகியவற்றை ஆராயுமாறு செய்தனர். 'வரிசை வீடுகள் திட்டம்' என்னும் பெயரால் வழங்கும் அம்முயற்சியின் தகைமையையும் தடுமாற்றத்தையும் சீர்தூக்கிப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீர்தூக்குவதற்கு ஒரு கோல் வேண்டும். அதனை வேற்றிடத்தில் தேட வேண்டுவதில்லை. அகப்பாட்டினை ஆராயப் புகுந்த தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றனை வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் தோன்றி வளரும் உயிரும் உணவும் தொழிலும் பறையும் பிறவும் கரு. மாந்தர் உள்ளத்து நிகழும் ஒழுக்கம் உரி. இம்மூன்றனுள் உரிப்பொருளே தலைசிறந்தது என்பது மரபு. ஆயினும் அது காலூன்றி நிற்பது முதலும் கருவும் தந்த இடத்திலேயாம். உரி, உரியர், உரிமை என்னும் சொற்கள் ஒரு வேரினின்று கிளைத்தவை என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒருவன் ஓரிடத்துக்கு உரியவன் என்னும்போது அவன் உள்ளத்து உணர்வையும் குறிக்கின்றோம். அவ்விடத்தில் நிலைத்து வாழ்தற்கு அவனுக்குள்ள பாத்தியதையையும் குறிக்கின்றோம். நம் மொழி ஒன்றாகவே வைத்துள்ள இவ்விரண்டும் உலக வழக்கில் எங்ஙனம் பிரிந்து போகின்றன என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருளின் உயிர்நிலை.

கலைஞரை ஓரிடத்துக்கு அழைத்து, உறையுளும் உதவிப் பணமும் நல்கி, சிலகாலம் தங்கிப் பணியாற்றச் செய்யும் முறை மேனாடுகளிலே பரவலாக உள்ளது. அங்ஙனம் தங்குவோரை வதிவிடக் கலைஞர் என்பர். 1968 இல் நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியில் நிறுவப்பெற்ற ஸ்ரூடியோ மியூசியம், ஓவியர் வில்லியம் ரி. வில்லியம்ஸ் கூறிய யோசனைப்படி, கறுப்பினக் கலைஞருக்குப் பணிமனையளித்து இம்முறையைத் தன் பெயரிலேயே பொறித்துக்கொண்டது. பின்வந்த காலத்தில் இனமும் அடையாளமும் பற்றிய வதிவிடத் திட்டங்கள் பல நாடுகளிலும் பெருகின. அவற்றிற் பலவற்றின் குறை யாதெனின், உரிப்பொருளை முன்கூட்டியே விளம்பரத்தில் அறிவித்துவிட்டு, முதற்பொருளைப் பின்னர் தேடிக்கொள்வதாம். கலைஞர் வருகின்றார், அயலவரின் துயரத்தைக் கேட்டறிந்து படைக்கின்றார், காலம் முடிந்ததும் போய்விடுகின்றார். துயரம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. வரிசை வீடுகள் இக்குறைக்கு எத்துணை விலக்கு என்பதைக் காண அந்நிலத்தின் வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

அடிமைகள் விடுதலை பெற்றனர் என ஆபிரகாம் லிங்கன் 1863 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி பிரகடனஞ் செய்தார். ஆயின் ரெக்சாஸ் மாநிலத்து அடிமைகளுக்கு அச்செய்தி நடைமுறையில் எட்டியது 1865 ஆம் ஆண்டு யூன் மாதம் 19 ஆந் திகதியிலேயாம். அன்று கல்வெஸ்ரன் துறைமுகத்தில் தளபதி கிறேஞ்சரின் ஆணை அறிவிக்கப்பட்டது. அந்நாளை விழாவாகக் கொண்டாட விரும்பிய ஹூஸ்ரன் கறுப்பின மக்களுக்குத் தமக்கென ஓர் இடம் இருந்ததில்லை. எனவே ஜக் யேற்ஸ் என்னும் சமயகுருவும் வேறு சிலரும் முன்னின்று, மக்களிடம் பணம் திரட்டி, 1872 இல் 10 ஏக்கர் நிலத்தை வாங்கி அதற்கு 'விடுதலைப் பூங்கா' எனப் பெயரிட்டனர். நேற்று வரை தாமே பிறர் உடைமையாய் இருந்த மாந்தர் இன்று நிலத்தை உடைமையாகப் பெற்றனர் என்பது சாதாரண செய்தியன்று. மூன்றாம் வட்டாரத்தின் முதற்பொருள் இப்பூங்கா எனலாம். அதனைச் சுற்றியே பின்னர் கோயில்களும் கடைகளும் பாடசாலைகளும் எழுந்தன. 1939 இல் கிளாரன்ஸ் டுப்ரியும் அவர் மனைவி அனாவும் அப்பூங்காவின் அருகே எல்டொராடோ என்னும் இசை மண்டபத்தைத் திறந்தனர். வெள்ளையர் மண்டபங்களில் விருந்தினராய் அமர இயலாத காலத்தில் அம்மக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட அரங்கு அது.

இனி அங்குள்ள வீட்டின் அமைப்பை நோக்குவோம். ஓர் அறையளவே அகலம், அறைகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்தாற் போல நீண்டு செல்லும், நடைகூடம் கிடையாது, முன்வாயிலும் பின்வாயிலும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். முன்வாயிலில் துப்பாக்கியாற் சுட்டால் குண்டு எதிலும் படாது பின்வாயில் வழியே போய்விடும் என்று வேடிக்கையாகக் கூறுவர். அதனாலேயே 'சொட்கன்' வீடு என்ற பெயரும் வந்ததென்பர். ஆனால் 1970 களில் இவ்வீட்டின் தோற்றத்தை ஆராய்ந்த ஜோன் மைக்கல் விளாக் என்னும் அறிஞர், இவ்வடிவம் ஹெயிற்றித் தீவு வழியாக மேற்கு ஆபிரிக்காவின் யொருபா மக்களின் மனை மரபோடு தொடர்புடையது என்று காட்டினார். பெயரும் மொழியும் தெய்வமும் பறிக்கப்பட்டுக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட மக்கள் ஒரு வீட்டின் வடிவத்தை நினைவிலே காத்து வந்தனர் என்பது வியப்புக்குரியது. வறியோர் குடில் என இகழப்பட்ட ஒன்று ஒரு நாகரிகத்தின் எச்சமாயிற்று. அவ்வீட்டின் முன்புறத்தில் நம் திண்ணையையும் விறாந்தையையும் ஒத்த ஒரு முகப்பு உண்டு. வீதியிற் போவோரும் வீட்டில் இருப்போரும் ஒருவரையொருவர் கண்டு பேசுதற்கு அதுவே இடம். ஆதலின் வரிசையாய் நிற்கும் இவ்வீடுகள் தனித்தனி உறையுள்களாய் மட்டும் அமையாது ஒரு சமூகத்தின் உடலாகவே அமைந்துவிடுகின்றன.

இவ்வுண்மையை ஓவியத்தில் முதலிற் கண்டவர் ஜோன் பிக்கர்ஸ். 1924 இல் வட கரோலினாவிற் பிறந்த இவர், ஹம்ரன் கல்லூரியில் விக்ரர் லோவன்ஃபெல்ட் என்னும் ஆசிரியரிடம் கலை பயின்றார். அவ்வாசிரியர் ஹிற்லரின் கொடுமைக்குத் தப்பி ஒஸ்திரியாவிலிருந்து வந்த யூதர். நாடிழந்த யூதர் ஒருவர், நாட்டிலிருந்தும் உரிமையிழந்த கறுப்பின மாணவர்க்கு, உங்கள் வாழ்வையே வரையுங்கள் என ஊக்கமளித்தமை எண்ணி இன்புறத்தக்க ஒன்று. பிக்கர்ஸ் 1949 இல் ஹூஸ்ரனுக்கு வந்து, அக்காலத்தில் கறுப்பின மாணவர்க்கெனத் தனியாக வகுக்கப்பட்டிருந்த பல்கலைக்கழகத்தில் கலைத்துறையை நிறுவினார். 1957 இல் யுனெஸ்கோவின் உதவியுடன் மேற்கு ஆபிரிக்கா சென்று, தம் மூதாதையர் மண்ணைக் கண்டு திரும்பினார். 1966 இல் அவர் வரைந்த மூன்றாம் வட்டாரத்து ஓவியத்தில் எரிந்துபோன ஒரு தேவாலயத்தின் முன் அயலவர் வீதியிலே கூடி நிற்கின்றனர். பின்னே அவ்வீடுகள் நிரையாய் உள்ளன. 1987 ஆம் ஆண்டு ஓவியத்தில் முகப்புகளில் நிற்கும் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறு வீட்டைக் கையில் ஏந்தி நிற்கின்றனர். கூரைகளின் முக்கோணங்கள் ஒட்டுத்துணிப் போர்வை போல அடுக்கி வருகின்றன. வீட்டைக் காப்பவள் வீட்டையே குழந்தையாய் ஏந்தினாள் என்னும் இக்கருத்து ஒரு காவியத்துக்குப் போதுமானது.

பிக்கர்ஸின் ஓவியத்தைக் கற்றவருள் ஒருவரே றிக் லோ. 1961 இல் அலபாமா மாநிலத்திற் பிறந்து ஹூஸ்ரனில் குடியேறிய இவர், வறுமையையும் காவலர் கொடுமையையும் கண்டித்துப் பெரிய ஓவியங்கள் வரைந்து வந்தார். 1990 ஆம் ஆண்டளவில் அவருடைய பணிமனையைப் பார்க்க வந்த பாடசாலை மாணவன் ஒருவன், எம் துன்பத்தை நாம் அறிவோம், அதனைப் படமாக்கி எமக்கே காட்டுவதால் ஆவதென்ன, கற்பனை வல்லவராயின் ஒரு தீர்வைப் படைத்துக் காட்டலாகாதா என்னும் கருத்துப்படக் கேட்டான். இவ்வினா லோவின் தூரிகையை நிறுத்தியது. பின்னர் ஒருநாள், ஆபத்தானவை, இடித்தொழிக்கத் தக்கவை எனச் சுட்டிக்காட்டப்பட்ட இடங்களுள் ஹோல்மன் வீதியிலிருந்த இவ்வீட்டு வரிசையை அவர் கண்டார். 1930 களில் வாடகைக்கெனக் கட்டப்பட்டுக் கைவிடப்பட்ட அவ்வீடுகளில், மற்றையோர் குப்பையைக் கண்டனர். பிக்கர்ஸின் ஓவியத்தில் ஊறிய கண் ஓவியத்தைக் கண்டது. ஜேம்ஸ் பெற்றிசன், பேட் லோங், ஜெசி லொற், ஃபுளொயிட் நியூசம், பேட் சாம்பிள்ஸ், ஜோர்ஜ் சிமித் ஆகிய கலைஞர் அறுவர் அவரோடு இணைந்தனர். அயலவரும் தொண்டரும் களை வெட்டி, கழிவகற்றி, சுவர்க்குச் சாயமிட்டனர்.

திட்டத்தின் அமைப்பு எளியது. சில வீடுகள் கலைஞர்க்கு ஒதுக்கப்பட்டன. ஒவ்வொரு சுற்றிலும் கலைஞர் வந்து வீட்டுக்கு ஒருவராக அதன் உள்ளிடம் முழுவதையும் தம் படைப்பாக மாற்றுவர். சில மாதங்களின் பின் அடுத்த சுற்றினர் வருவர். ஏழு வீடுகள் கல்வியைத் தொடர விரும்பும் இளந்தாய்மார்க்கு விடப்பட்டன. தம் குழந்தைகளோடு குறைந்த வாடகையில் ஈராண்டளவு தங்கி அவர்கள் கல்லூரிப் படிப்பை மேற்கொள்ளலாம். எஞ்சியவை வகுப்பறையாகவும் பிற தேவைகளுக்காகவும் பயன்பட்டன. கலைஞர் வீட்டின் கொல்லைப்புறம் தாய்மார் வீடுகளை நோக்கியிருக்கின்றது என்பதை வாசகர் ஊன்றி நோக்குக. ஓவியக் காட்சிக்கு வருவோர் காதில் அயல்வீட்டுக் குழந்தையின் அழுகுரலும் விழும். அங்ஙனம் தங்கிச் சென்ற தாய் ஒருவர் பின்னர் சமூகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, அவ்வட்டாரத்துக்கே திரும்பிப் பணியாற்றினார்.

கலைஞரின் படைப்புகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. சுற்றுக்குச் சுற்று ஏற்றத்தாழ்வு உண்டு. வெளியூரிலிருந்து ஆயத்தமாய்க் கொண்டுவந்த கருத்தை நான்கு சுவர்க்குள் இறக்கி வைத்துச் செல்வோர் படைப்பு, எந்நகரத்துக் காட்சிக்கூடத்தில் இருப்பினும் ஒன்றே. அதற்கு இவ்வீடு வேண்டுவதில்லை. வீட்டையே கருப்பொருளாகக் கொண்டாரது படைப்பே நிலைத்த மதிப்புடையது. 1990 களின் நடுப்பகுதியில் அங்கு பணியாற்றிய விற்ஃபீல்ட் லவலை இதற்குச் சான்றாகக் கூறலாம். பெயர் அறியப்படாத கறுப்பின மக்களின் பழைய ஒளிப்படங்களைத் தேடியெடுத்து அவ்வுருவங்களைக் கரியினால் வரைவது இவருடைய முறை. வரிசை வீட்டின் மரச் சுவரிலேயே அவ்வுருவங்கள் எழுந்தபோது, முன்னொருகால் அங்கு வாடகை கொடுத்து வாழ்ந்து மறைந்தோர் மீண்டும் குடிபுகுந்தாற் போன்ற தோற்றம் உண்டாயிற்று. வரலாற்றில் முகவரி பெறாதோர்க்கு ஒரு முகவரி கிடைத்தது. அடையாளம் பற்றிய விரிவுரை எதுவும் இன்றியே அடையாளம் அங்கு பேசிற்று. கைவண்ணம் மிக்கதாயினும் வீட்டை மறந்த படைப்பு இத்துணை தூரம் செல்லாது.

இத்தகைய முயற்சிகளை நோக்கி எழுப்பப்படும் தடை ஒன்றுண்டு. கிளயர் பிஷப் என்னும் ஆங்கிலேயத் திறனாய்வாளர் 2006 இல் எழுதிய கட்டுரையொன்றில், சமூகப் பணியாய் அமையும் கலையை மதிப்பிடுவோர் அறத்தின் அளவையால் அளந்துவிட்டு அழகின் அளவையைக் கைவிடுகின்றனர் எனக் குறை கூறினார். நற்செயல் எல்லாம் நற்கலை ஆகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. தாய்மார்க்கு வீடு கொடுத்தல் தருமம்; அதனைச் சிற்பம் என்று ஏன் அழைத்தல் வேண்டும்? லோ இதற்கு விடையாக ஜேர்மன் கலைஞர் யோசெப் போய்ஸ் கூறிய 'சமூகச் சிற்பம்' என்னும் கருத்தைத் துணைக்கொள்வார். போய்ஸ் 1982 இல் காசல் நகரில், ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு கருங்கல் நட்டு, 7000 ஓக் மரங்களை நாட்டத் தொடங்கினார். அவர் மறைந்த பின் 1987 இல் அப்பணி நிறைவுற்றது. ஆயின் போய்ஸின் பெயரைச் சொல்வதனால் மட்டும் தடை நீங்கிவிடாது. எம் கருத்திலே விடை வடிவத்தில் உள்ளது. வரிசையாய் நிற்கும் வெண்ணிற வீடுகள், இடைவெளிகள், முகப்புகள், அவற்றிடையே நடமாடும் மக்கள் ஆகிய யாவும் பிக்கர்ஸின் ஓவிய அமைதியை மண்ணிலே மீண்டும் எழுப்புகின்றன. ஒரு வீட்டை அகற்றினால் பாட்டில் ஒரு சீரை அகற்றியது போலாகும். ஆதலின் அழகின் அளவையாலும் இதனை அளக்கலாம், அளந்தால் குறைவுபடாது. தனித்தனிக் கண்காட்சிகளினும் வரிசையே பெரிய படைப்பு என்பது எம் முடிபு.

இதனினும் வலிய தடை வேறொன்றுண்டு. அது நிலத்தினின்று எழுவது. ஹூஸ்ரன் அமெரிக்கப் பெருநகரங்களுள் நிலப்பயன்பாட்டு வலயச் சட்டம் இல்லாத நகரம். எவரும் எதனையும் வாங்கி எதனையும் கட்டலாம் என்னும் நிலை அங்கு பெரிதும் உண்டு. மூன்றாம் வட்டாரமோ நகர மையத்தை அடுத்துக் கிடப்பது. கைவிடப்பட்ட வீடுகள் அழகு பெற்றன, இதழ்கள் எழுதின, 2014 இல் லோ மக்ஆதர் நிறுவனத்தின் புகழ்பெற்ற பரிசினைப் பெற்றார். இடம் புகழ் பெறுந்தோறும் நிலத்தின் விலை ஏறும் என்பது பொருளியல் அறிந்தார்க்குப் புதிதன்று. விலை ஏற வரியும் வாடகையும் ஏறும். பழைய குடிகள் பெயர்வர். அவர் வீடிருந்த இடத்தில் செல்வர்க்கான மாடி வீடுகள் எழும். மூன்றாம் வட்டாரத்தின் பல வீதிகளில் இஃது நிகழ்ந்தது. இதற்குக் கலை ஒன்றே காரணம் எனல் நியாயமாகாது. நகர மையத்தை நாடிச் செல்வர் திரும்பியமையே பெருங்காரணம். எனினும், இம்மண்ணுக்கு உரியோர் யார் எனக் கேட்ட கலை, உரியோரை அகற்றும் காற்றுக்குத் தானும் ஒரு சாளரத்தைத் திறந்திருத்தல் கூடும் என்னும் அச்சம் ஒதுக்கித் தள்ளத்தக்கதன்று.

வரிசை வீட்டாரின் பெருமை, இவ்வச்சத்தைக் கவிதையாக்கிப் புலம்பாது, நிலத்தையே பற்றி நின்றமையில் உள்ளது. 2003 இல் குடியிருப்பு வளர்ச்சிக்கெனத் தனியொரு கூட்டுத்தாபனத்தை அவர் அமைத்தனர். ரைஸ் பல்கலைக்கழகத்துக் கட்டடக்கலை மாணவரோடு சேர்ந்து, பழைய வீட்டின் சாயலிற் புதிய இணை வீடுகளைக் கட்டி, குறைந்த வருவாயுடையோர்க்கு வாடகைக்கு விட்டனர். 22 வீடுகளிற் தொடங்கியது ஐந்து தெருக்கட்டங்களில் ஏறத்தாழ 40 கட்டடங்களாய் விரிந்தது. 1970 களில் மூடப்பட்ட எல்டொராடோ மண்டபம் 1999 இல் நன்கொடையாக வந்தது. 2023 இல் புதுக்கப்பெற்று மீண்டும் இசைக்குத் திறக்கப்பட்டது. 1872 இல் ஜக் யேற்ஸ் செய்ததும் இதுவே அன்றோ! பணம் திரட்டினார், நிலம் வாங்கினார், விழா பின்னர் வந்தது. ஆயினும் 40 கட்டடங்கள் ஒரு வட்டாரமாகிவிடா. அரணுக்குள் இருப்பன காக்கப்பட்டன. அரணுக்கு வெளியே வெள்ளம் போய்க்கொண்டேயிருந்தது. இத்திட்டத்தின் எல்லை இது. இதனை மறைத்துப் புகழ்தல் திறனாய்வாகாது.

இன்னுமொரு செய்தியைக் கூறாது விடுதல் இயலாது. வரிசை வீடுகள் தொடங்கிய அதே 1993 ஆம் ஆண்டில், மூன்றாம் வட்டாரத்திலே வளர்ந்த இளைஞர் ஒருவர், சமயகுரு யேற்ஸின் பெயர் தாங்கிய பாடசாலையில் தம் படிப்பை முடித்து வெளியேறினார். ஜோர்ஜ் புளொயிட் என்பது அவர் பெயர். 2020 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி, தொலைவிலுள்ள மினியாபொலிஸ் நகரத்து வீதியில், காவலர் ஒருவரின் முழங்காலின் கீழ் அவர் உயிர் நீத்ததை உலகம் முழுவதும் கண்டு கொதித்தது. வீட்டு வரிசையொன்று இத்தகைய கொடுமையைத் தடுத்திருக்குமா என்று கேட்டல் கலையின் மேல் தாங்கொணாப் பாரம் ஏற்றுதலாகும். ஆயின் றிக் லோவைப் பார்த்து மாணவன் கேட்ட வினா முடிந்துவிடவில்லை என்பதை இஃது உணர்த்துகின்றது. கலை ஒரு தெருவைக் காத்தது. அத்தெருவினின்று புறப்பட்டவனை மற்றொரு தெருவிற் காக்க நாடும் சட்டமும் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? இனத்தையும் அடையாளத்தையும் பாடுபொருளாக எடுத்துக்கொண்ட அளவில் ஒரு கலைத்திட்டம் சிறப்பெய்திவிடாது. எந்நிலத்தில் நின்று பாடுகின்றது, அந்நிலத்தின் கருப்பொருளை அறிந்ததா, பாட்டு முடிந்த பின்னும் அந்நிலத்தார் அங்கு இருப்பரா என்னும் மூன்று வினாக்களை வினவியே அதன் தகுதியைத் துணிதல் வேண்டும். முதலிரண்டு வினாக்களுக்கும் வரிசை வீடுகள் ஐயமற விடை கூறுகின்றன. மூன்றாவதற்கு அவை கூறும் விடை அரைகுறையானதே. ஆயினும் அவ்வினாவைத் தம் மேல் ஏற்று, ஆண்டுதோறும் வாடகைக் கணக்கிலும் வரிக் கணக்கிலும் அதற்கு விடை தேடிய கலை முயற்சிகள் மிக அரியவை. பிக்கர்ஸின் ஓவியத்துப் பெண்கள் கையில் ஏந்திய சிறு வீட்டைக் கீழே வைக்கவில்லை. அதன் பாரத்தை அறிந்தவர்கள் அதனை இன்னும் ஏந்தி நிற்கின்றனர். உரிமை என்னும் சொல்லுக்குப் பொருள் தேடும் மாணவர் அகராதியைப் புரட்டிய பின், ஹூஸ்ரன் நகரத்து அவ்வீதியையும் ஒருகால் மனக்கண்ணால் நடந்து பார்ப்பாராக.